லோடட் ஃப்ரைஸ்: பத்துப் பேர் கூடும் மாலைக்கு

மொறுமொறுவென்று பொரித்த உருளைக்கிழங்கின் மேல் சீஸ் சாஸ், கறி, வெங்காயம், மயோனைஸ் என்று ஈரமான பொருள்களைப் போடுகிறோம். போட்ட நொடியிலிருந்து அந்த ஈரம் கிழங்குக்குள் இறங்கத் தொடங்கிவிடும். கிழங்கின் உள்ளே இருக்கும் ஆவியும் வெளியே வர வழியில்லாமல் தோலையே நனைக்கும். ஏழெட்டு நிமிடத்தில் தட்டின் அடியில் கிடப்பவை நமத்துப்போய், எடுத்தால் பிய்ந்து வரும். வீட்டில் செய்யும் லோடட் ஃப்ரைஸ் பெரும்பாலும் கெடுவது இப்படித்தான். ருசியில் குறை இருக்காது, பதம்தான் போய்விடும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் மசாலாவைவிட ஈரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். தனியாகத் தின்னும் ஃப்ரைஸைவிட இதற்கான ஃப்ரைஸ் உறுதியாக இருக்க வேண்டும். மேலே போடுவது நாம் நினைப்பதைவிடச் சுண்டியிருக்க வேண்டும். பெரிய தாம்பாளம் ஒன்றை நிரப்பி வைப்பதைவிடச் சின்னத் தட்டுகளாக அடுத்தடுத்து வர வேண்டும். இந்த மூன்றும் கைவந்துவிட்டால், கிரிக்கெட் பார்க்க நண்பர்கள் கூடும் இரவுக்கும், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லாரும் வந்திறங்கும் விடுமுறை மாலைக்கும் இதைவிடப் பொருத்தமான பலகாரம் எனக்குத் தெரியவில்லை. தட்டு நடுவில் இருக்கும், எல்லார் கையும் அதில் இருக்கும், பேச்சு நிற்காது.

உலகில் இதற்குப் பல ஊர்களில் பல வடிவங்கள் உண்டு. அவற்றில் இரண்டைத் தெரிந்துகொள்வது நம் வேலைக்கு உதவும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1950களின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு வந்த பூட்டின், ஃப்ரைஸின் மேல் புதுச் சீஸ் கட்டிகளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கிரேவி ஊற்றுவது. அங்கே கிழங்கு கிரேவியில் கொஞ்சம் ஊறுவதே ருசி. ஆளுக்கொரு கிண்ணம், வாங்கியவுடன் சாப்பாடு. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 2003 வாக்கில் பிறந்த கப்சலோன் வேறு வகை. முடிதிருத்தகம் நடத்திய ஒருவர் தன் கடைக்குப் பக்கத்து ஷவர்மா கடையில், தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒரே தட்டில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கியதிலிருந்து அது தொடங்கியது. அலுமினியத் தட்டில் அடியில் ஃப்ரைஸ், அதன்மேல் ஷவர்மா இறைச்சி, அதன்மேல் கௌடா சீஸ், சீஸ் உருகும் வரை மேலிருந்து அனல், கடைசியாகக் குளிர்ந்த லெட்டூஸ் இலைத் துண்டுகளும் பூண்டு சாஸும் மிளகாய் விழுதும். இந்த அடுக்கில் ஈரமானது எதுவும் நேரடியாகக் கிழங்கைத் தொடுவதில்லை. கூடிப் பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடும் வீட்டுக்கு கப்சலோனின் அடுக்குதான் ஏற்றது. பூட்டினை நான்கு பேர் மட்டும் இருக்கும் நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

கிழங்கு

பொரிக்க நல்லது மாவுச்சத்து மிகுந்து நீர் குறைந்த கிழங்கு. தோல் மெலிந்த, செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கு குருமாவுக்கும் பொடிமாஸுக்கும் அருமையானது. புதிதாக வந்ததில் நீர் அதிகம் என்பதால் ஃப்ரைஸுக்கு அதை எடுக்காதீர்கள். தோல் சற்றுத் தடித்த, முற்றிய, நீளவாக்கான பெரிய கிழங்கைக் கடைக்காரரிடம் கேட்டுப் பொறுக்குங்கள். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பொரிப்பதற்கென்றே குஃப்ரி சிப்சோனா, குஃப்ரி ஃப்ரைசோனா போன்ற ரகங்களை உருவாக்கியிருக்கிறது. நம் தெருமுனைக் கடையில் ரகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது என்பதால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஒரு பங்கு உப்புக்கு 11 பங்கு தண்ணீர் என்று கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மாவுச்சத்து மிகுந்தது மூழ்கும், நீர்த்தது மிதக்கும். மூழ்கியதைப் பொரிக்க எடுத்துக்கொண்டு மிதந்ததைச் சாம்பாருக்கு அனுப்பிவிடலாம்.

கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்படி இனித்துப்போன கிழங்கை எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருஞ்சிவப்பாகிவிடும், ஓரம் கசக்கும். கோல்டு ஸ்டோரேஜிலிருந்து வந்த கிழங்கிலும் சில மாதங்களில் இது நேரும். சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு துண்டை முன்கூட்டிப் பொரித்துப் பாருங்கள். திட்டுத்திட்டாகக் கறுத்தால் அந்தக் கிழங்கைக் காற்றோட்டமான கூடையில் இரண்டு வாரம் வெளியே வைத்திருங்கள், சர்க்கரை பெரும்பாலும் குறைந்துவிடும். நிறத்தைக் கவனிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாவுப்பொருள்களை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது என்பதை 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சர்க்கரை மிகுந்த கிழங்கிலும், கறுக்க விட்ட கிழங்கிலும் அது கூடுதலாக இருக்கும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுவது நாக்குக்கும் உடம்புக்கும் நல்லது. பச்சை ஏறிய கிழங்கையும் முளை விட்டுச் சுருங்கியதையும் தூக்கிப் போடுங்கள்.

அளவு: வேறு பலகாரமும் இருக்கும் மாலைக்கு ஆளுக்கு 200 கிராம் பச்சைக் கிழங்கு போதும். பத்துப் பேருக்கு 2 கிலோ. பொரித்த பிறகு நீர் போய் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால் கொட்டி வைத்திருக்கும் குவியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஃப்ரைஸ் மட்டுமே இரவு உணவு என்றால் 3 கிலோ வாங்குங்கள்.

ஒரு வேகவைப்பு, இரண்டு பொரிப்பு

தோல் சீவி 1 சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய ஃப்ரைஸ் அளவுக்கு நறுக்கினால் சாஸின் கனத்தைத் தாங்காது. அதைவிடத் தடிமனானால் வெறும் கிழங்கைத் தின்பது போலிருக்கும். எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் இருப்பது நீளம் ஒன்றாக இருப்பதைவிட முக்கியம். நறுக்கியதை மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவும் சர்க்கரையும் போனால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீராக நிறம் மாறும்.

அடுத்ததுதான் லோடட் ஃப்ரைஸுக்கென்றே செய்ய வேண்டிய வேலை. அகலமான பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீருக்கு 4 மேஜைக்கரண்டி வெள்ளை வினிகரும் 3 மேஜைக்கரண்டி கல் உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கிழங்கைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து 8 நிமிடம். செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் சாதாரணத் தண்ணீரில் சீக்கிரம் கரைந்து கிழங்கு உடையத் தொடங்கும். புளிப்பு இருந்தால் அது எளிதில் கரையாது. கிழங்கு உள்ளே முழுக்க வெந்தும் உருவம் குலையாமல் இருப்பது இதனால்தான். பொரித்த பிறகு வினிகர் வாசனை தெரியாது. ஒரு துண்டை எடுத்துக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும், துண்டு இரண்டாகப் பிளக்கக் கூடாது.

வடிதட்டில் வடித்துச் சுத்தமான வேட்டித் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் கால்மணி நேரம் விடுங்கள். ஆவி அடங்கி மேல்புறம் காய்ந்து மங்கலான வெண்மை தெரியும். அப்போது 3 மேஜைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் 2 மேஜைக்கரண்டி அரிசி மாவும் கலந்து 2 கிலோவுக்கும் தூவி, அகலத் தட்டில் மெதுவாகப் புரட்டுங்கள். கடைகளில் விற்கும் மொறுமொறு ஃப்ரைஸ் பலவற்றிலும் இப்படி ஒரு மெல்லிய மாவுப் பூச்சு உண்டு. ஈரத்தைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்துவது அந்தப் பூச்சுதான். அரிசி மாவு நம் முறுக்குக்கும் தட்டைக்கும் என்ன செய்கிறதோ அதையே இங்கும் செய்யும். அளவு கூடினால் பல்லில் மாவு தட்டும், ஆகவே இதற்கு மேல் போடாதீர்கள்.

முதல் பொரிப்பு 160 டிகிரியில், மூன்று நிமிடம். நிறம் மாற வேண்டியதில்லை. வெளியே ஒரு தோல் கட்டினால் போதும். வாணலியின் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. ஒன்றரை லிட்டர் எண்ணெய்க்கு ஒரு முறைக்கு 250 முதல் 300 கிராம் கிழங்கு. அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிக் கிழங்கு எண்ணெய் குடிக்கும். பொரித்ததைக் கம்பித் தட்டிலோ சல்லடையிலோ எடுத்துப் போட்டு ஆற விடுங்கள். காகிதத்தில் குவித்தால் அடியில் ஆவி தங்கும்.

இதுவரைக்கும் உள்ள வேலையை முந்தின நாளே, ஏன் முந்தின வாரமே கூடச் செய்துவிடலாம். முற்றிலும் ஆறிய துண்டுகளைத் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். உறைவதால் கிழங்குக்கு நன்மையும் உண்டு. உள்ளே உருவாகும் பனிப் படிகங்கள் செல்களை உடைக்கும், இரண்டாம் பொரிப்பில் நீர் எளிதாக வெளியேறும், உள்ளே பஞ்சு போல் வரும். நேரமிருந்தால் உறைய வைத்தே பொரியுங்கள்.

இரண்டாம் பொரிப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு, 185 டிகிரியில் மூன்று நிமிடம், உறைந்ததாக இருந்தால் நான்கு. கிழங்கு போட்டதும் எழும் சலசலப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். நீர் போய்விட்டது என்று எண்ணெய் சொல்வது அது. சத்தம் மெலிந்து, அரிகரண்டியில் அள்ளி ஆட்டும்போது துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று ஒலித்தால் எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு தூள் உப்பைத் தூவ வேண்டும், ஆறிய பிறகு ஒட்டாது. மேலே வரப்போகும் சீஸிலும் கறியிலும் உப்பு இருப்பதால் வழக்கமாகப் போடுவதில் பாதி போதும்.

நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சமையல் வெப்பமானி இந்த வேலையில் பெரிய நிம்மதி. இல்லாதவர்கள் மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நுழைத்துப் பார்க்கலாம். சின்னக் குமிழிகள் சோம்பலாக எழுந்தால் முதல் பொரிப்புக்கான சூடு. சடசடவென்று விடாமல் எழுந்தால் இரண்டாவதற்கு. புகை வந்தால் சூடு மீறிவிட்டது, அடுப்பை அணைத்துப் பொறுத்திருங்கள்.

பாக்கெட் ஃப்ரைஸ்

உறைந்த பாக்கெட் ஃப்ரைஸ் வாங்குவதில் தவறே இல்லை. அது ஏற்கெனவே வேகவைத்து ஒரு முறை பொரித்தது, அதாவது மேலே சொன்ன பாதி வேலை தொழிற்சாலையில் முடிந்துவிட்டது. தடிமனான வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கு 150 கிராம் கணக்கு. வெளியே எடுத்து உருக விடாமல் ஃப்ரீசரிலிருந்து நேரே எண்ணெய்க்குப் போக வேண்டும். பையின் அடியில் தேங்கிய பனித்துகளை உதறிவிடுங்கள், எண்ணெய் தெறிப்பது அதனால்தான். ஏர் ஃப்ரையரில் செய்தால் 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம், நடுவில் இரு முறை குலுக்க வேண்டும். நன்றாகவே வரும். ஆனால் கூடை ஒரு முறைக்கு இரண்டு பேருக்குத்தான் கொள்ளும். பத்துப் பேர் காத்திருக்கும்போது எண்ணெய்ச் சட்டியே கைகொடுக்கும்.

எண்ணெய்

ரீஃபைன்ட் கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும் என்பதால் இந்தச் சூட்டுக்கு வேண்டாம். வீட்டில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் எண்ணெய்ச் சட்டி பின்பக்க அடுப்பில் இருக்கட்டும், கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும், சட்டிக்குச் சரியாகப் பொருந்தும் மூடி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் படக் கூடாது.

அசைவம் சாப்பிடாதவர்கள் வருகிறார்கள் என்றால் எண்ணெய் விஷயத்தில் நேர்மையாக இருங்கள். அதே எண்ணெயில் நகெட்ஸோ மீனோ முன்பு பொரித்திருக்கக் கூடாது. தட்டும் கரண்டியும் தனி. கேட்டுவிட்டு வாங்கும் அவசியம் விருந்தாளிக்கு வரக் கூடாது, தட்டை வைக்கும்போதே இது சைவம் என்று நாமே சொல்லிவிட வேண்டும். பொரித்து முடித்த எண்ணெயை ஆற வைத்து வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கவும் பொரியலுக்கும் தீர்த்துவிடுங்கள். நிறம் கறுத்து, நுரை கட்டி, பிசுபிசுத்த எண்ணெயை மறுபடி காய்ச்ச வேண்டாம். பொரித்த எண்ணெயில் சேரும் மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது, கண்ணும் மூக்கும்தான் அளவுகோல்.

சீஸ் சாஸ்

துருவிய சீஸை அப்படியே தூவினால் ஆறியதும் இறுகி ரப்பராகும். மொஸரெல்லா நூலாக இழுபடுவது பார்க்க அழகு, ஆனால் ஒருவர் ஒரு துண்டை எடுத்தால் பாதித் தட்டு கூடவே கிளம்பும். நடுவில் வைத்துப் பலர் கைபோடும் தட்டுக்குச் சாஸாகக் காய்ச்சியதே வசதி. இதற்கு நம்மூர் பிராசஸ்டு சீஸ் கட்டிகள் மிகப் பொருத்தம். அவற்றில் சேர்க்கப்படும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் புரதத்தையும் பிரியாமல் பிடித்து வைப்பதால் சாஸ் திரியாது, எண்ணெய் கக்காது. கூடுதல் வாசனை வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு செடார் கலந்துகொள்ளலாம். பன்னீர் இங்கே உதவாது. புளிப்பு விட்டுத் திரித்த சீஸ் என்பதால் எத்தனை சூட்டிலும் அது உருகாது.

நான்கு தட்டுகளுக்கு: 30 கிராம் வெண்ணெயை மிதமான தீயில் உருக்கி 30 கிராம் மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போகும் வரை ஒன்றரை நிமிடம் வறுங்கள். நிறம் மாற விடாதீர்கள். வெதுவெதுப்பான பால் 450 மில்லியை மூன்று தடவையாக ஊற்றி ஒவ்வொரு தடவையும் கட்டியில்லாமல் கலக்குங்கள். கொதித்துக் கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய சீஸ் 200 கிராம், அரை டீஸ்பூன் மிளகுத்தூள், கால் டீஸ்பூன் கடுகுத்தூள் சேர்த்துக் கிளறுங்கள். சீஸ் போட்ட பிறகு கொதிக்க விடக் கூடாது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான், பெரும்பாலும் தேவைப்படாது.

பதம் தோசை மாவுக்கும் இட்லி மாவுக்கும் நடுவில். கரண்டியிலிருந்து ஊற்றினால் நாடாவாக விழுந்து கிழங்கின் மேலேயே உட்கார வேண்டும். வழிந்து அடிக்குப் போனால் நீர்த்துவிட்டது. ஆறும்போது இறுகும் என்பதால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்திருங்கள், இறுகினால் ஒரு கரண்டி சூடான பால்.

மேலே போடுவது

இந்த இடத்தில் தமிழ்ச் சமையலறைக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மிடம் சுக்கா, வறுவல், பிரட்டல், தொக்கு என்று நீர் சுண்டிய வகைகள் ஏராளம். இந்தத் தட்டுக்கு வேண்டியது அதே பதம்தான். அமெரிக்கர்களின் சில்லி சீஸ் ஃப்ரைஸில் வரும் கறிச் சில்லியை நீர்க்கச் செய்தால் தட்டு பாழாகும், தொக்குப் பதத்துக்குச் சுண்டினால் பிரமாதமாக இருக்கும்.

முதலில் அந்தச் சில்லி. இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயத்தையும் எட்டுப் பல் பூண்டையும் சிவக்க வதக்கி, அரைக் கிலோ கொத்துக்கறியைப் போட்டுத் தீயைக் கூட்டி, கறி விட்ட நீர் முழுக்க வற்றி ஓரம் பொரியும் வரை கிளறுங்கள். இந்த நிலையைப் பலர் பொறுமையில்லாமல் தாண்டிவிடுகிறார்கள், ருசி பிறப்பது இங்கேதான். பிறகு இரண்டு டீஸ்பூன் சீரகத்தூள், இரண்டு டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் உலர் ஆரிகானோ, உப்பு, மூன்று தக்காளியின் விழுது. சிறுதீயில் அரைமணி நேரம். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிய வேண்டும். கரம் மசாலா சேர்க்காதீர்கள், சீரகமும் ஆரிகானோவும் தரும் தனி வாசனையை அது மூடிவிடும்.

சைவத்துக்கு இதே முறையில் ராஜ்மா. 200 கிராம் பருப்பை எட்டு மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும், ஆகவே நசுக்கினால் மசியும் வரை. பாதியை மசித்துப் பாதியை முழுதாக விட்டு மசாலாவில் சுண்டுங்கள்.

மட்டன் சுக்கா செய்கிற வீடுகளில் அதையே போடலாம். ஒரே நிபந்தனை, துண்டுகள் ஃப்ரைஸைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். எலும்பை நீக்கி விரலால் நார்நாராகப் பிய்த்து, நெய் விட்ட வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டினால் தட்டுக்குத் தயார். மிளகுக் காளானும் அருமை. காளானைப் பெரிய தீயில், உப்புப் போடாமல், நீர் வற்றிச் சிவக்கும் வரை வதக்கிவிட்டுக் கடைசியில் உப்பும் மிளகும். சால்னா ஊற்றலாமே என்ற ஆசை எழும். பரோட்டாவின் அடுக்குகள் சால்னாவை ஏந்திக்கொள்ளும், கிழங்கால் அது முடியாது. ஆசை விடவில்லையென்றால் பாதியாக வற்றக் காய்ச்சிக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள வையுங்கள்.

கொழுப்பு இத்தனை சேரும் தட்டில் புளிப்பு இல்லையென்றால் நாலு வாய்க்குப் பிறகு திகட்டும். இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக அரிந்து, அரைக் கப் வினிகர், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் சர்க்கரையில் அரைமணி நேரம் ஊற விடுங்கள். போடும் முன் நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். பாட்டில் ஹாலபீன்யோவையும் அப்படியே ஒற்றி எடுங்கள். தக்காளி என்றால் விதையும் சாறும் நீக்கிய சதை மட்டும். வெங்காயத்தாள், கொத்தமல்லி கடைசியில்.

மயோனைஸைப் பச்சை முட்டையில் அடிக்க வேண்டாம். அறைச் சூட்டில் மணிக்கணக்காக இருக்கும் விருந்துத் தட்டில் சால்மொனெல்லா வளர அது நல்ல இடம். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் ஓராண்டுத் தடை விதித்தது இந்தக் காரணத்தால்தான். காய்ச்சி நன்றாகக் குளிரவைத்த பால் 100 மில்லி, எண்ணெய் 200 மில்லி, இரண்டு பல் பூண்டு, அரை டீஸ்பூன் கடுகுத்தூள், உப்பு எல்லாவற்றையும் உயரமான குவளையில் ஊற்றி, கை பிளெண்டரை அடியில் அழுத்தி வைத்து ஓட்டி மெல்ல மேலே தூக்குங்கள். அரை நிமிடத்தில் வெண்மையாகக் கெட்டிப்படும். ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கடைசியில்.

அடுக்கும் விதம்

குழியான கிண்ணம் வேண்டாம். விளிம்புள்ள அகலமான தட்டு, அதை அடுப்பருகில் வைத்தோ வெந்நீர் ஊற்றித் துடைத்தோ முன்பே சூடாக்கிவிடுங்கள். ஃப்ரைஸ் இரண்டு அடுக்குக்கு மேல் உயரக் கூடாது. பாதியைப் பரப்பி மேலே கொஞ்சம் சீஸ் சாஸ், மீதியைப் பரப்பி மறுபடி சாஸ். ஒரு தட்டுக்கு மொத்தம் 150 மில்லி, அதாவது ஒரு சின்னக் குழிக்கரண்டியால் மூன்று. எல்லா இடத்திலும் பூசாதீர்கள், ஓரங்களில் வெறும் ஃப்ரைஸ் கொஞ்சம் தெரியட்டும். விரலால் எடுப்பவர்கள் பிடிக்கும் இடம் அதுதான். குழந்தைகள் தேடுவதும் அதைத்தான்.

சாஸின் மேல் சூடான கறியோ காளானோ, நான்கைந்து இடங்களில் சின்னக் குவியல்களாக. அதன்மேல் பிழிந்த வெங்காயம், ஹாலபீன்யோ. மயோனைஸை ஊற்றாமல் நெய்க் கவரின் மூலையைச் சின்னதாக வெட்டி அதிலிருந்து கோடு கோடாகப் பிழியுங்கள். ஓவன் இருப்பவர்கள் சீஸ் சாஸுக்குப் பதில் துருவிய சீஸைக் கறியின் மேல் தூவி, மேல் அனலில் இரண்டு நிமிடம் காட்டி, பிறகு குளிர்ந்தவற்றைப் போடலாம். கப்சலோன் வழி அதுதான்.

அன்றைய மாலை

7 மணிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் முதல் பொரிப்பு முடிந்து கிழங்கு ஃப்ரீசரில், சில்லி ஃபிரிட்ஜில். 5 மணிக்கு வெங்காயம் ஊறப் போடுங்கள், மயோனைஸ் அடித்துக் குளிரில் வையுங்கள். 6 மணிக்கு சீஸ் சாஸ். ஆறரைக்குச் சில்லியைச் சூடாக்கிச் சிறுதீயில் விட்டுவிட்டு, தட்டுகள், கரண்டிகள், நறுக்கிய தழை எல்லாவற்றையும் அடுப்பு மேடையில் போடும் வரிசையிலேயே அடுக்கிவிடுங்கள். எல்லாரும் வந்து முதல் டம்ளர் ஜூஸ் குடித்துப் பேச்சு சூடுபிடித்த பிறகே எண்ணெயைக் காய வையுங்கள். விருந்தினர் ஃப்ரைஸுக்குக் காத்திருக்கலாம், ஃப்ரைஸ் விருந்தினருக்குக் காத்திருக்க முடியாது.

அரைக் கிலோ கிழங்குக் கணக்கில் ஒரு தட்டு. இரண்டு ஈடு பொரித்து அடுக்கி வெளியே அனுப்ப எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். அது தீர்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஈடு எண்ணெயில் இருக்கும். முதல் ஈடு ஆறாமல் இருக்க, சல்லடையில் பரப்பித் திறந்தே வையுங்கள், ஓவன் இருந்தால் 100 டிகிரியில். எந்தக் காரணத்துக்கும் மூடி போட்டு மூடாதீர்கள். பொரிப்பவரும் அடுக்குபவரும் இரண்டு பேராக இருந்தால் யாருக்கும் பதற்றமில்லை. அடுக்கும் வேலையைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், இரண்டாம் தட்டிலிருந்து நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். எண்ணெய்ப் பக்கம் மட்டும் பெரியவர்கள்.

முதல் தட்டு காரம் குறைந்ததாக, சைவமாகப் போகட்டும். அதை எல்லாரும் தொடலாம். இரண்டாவதும் மூன்றாவதும் கறியும் காரமும். நான்காவதற்கான கிழங்கை எல்லாரும் போதும் என்று சொல்கிறார்களா பார்த்துவிட்டுப் பொரியுங்கள். இரண்டாம் முறை பொரிக்காத கிழங்கு ஃப்ரீசரில் ஒரு மாதம் கெடாது. சாஸ் பட்ட ஃப்ரைஸை மறுநாளுக்கு வைக்க முடியாது. மிஞ்சிய வெறும் ஃப்ரைஸை மட்டும் மறுநாள் காலை காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் பரப்பி, மேலே முட்டை உடைத்து ஊற்றி மிளகு தூவினால் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி ஆகிவிடும்.